வலப்பக்கம் திருப்பினால் இடப்பக்கம் போகும் வண்டி

எங்கள் குடும்பத்துக் கல்யாணங்களில், பந்தி முடிந்து வெற்றிலை மடிக்கும் நேரத்தில், யாராவது ஒருவர் தோட்டத்து டிராக்டரின் கதையைத் தொடங்கிவிடுவார். ஸ்டியரிங்கை வலப்பக்கம் திருப்பினால் இடப்பக்கம் போன வண்டி, அதை ஓட்டத் தெரிந்த ஒரே டிரைவர், அந்த டிரைவர் பிரேக் இன்ஸ்பெக்டரை அருகில் வைத்துக்கொண்டு லாரியை மாட்டுவண்டியின்மேல் விட்ட கூத்து என்று கதை போகும். சொல்லச் சொல்ல அந்த மாட்டுவண்டி நெல்வண்டியாகிக் கரும்பு வண்டியாகி, சென்ற தையில் நடந்த கல்யாணத்தில் மணமக்கள் ஏறிவந்த வண்டியாகவே ஆகிவிட்டது. இன்ஸ்பெக்டரின் தொப்பி சாக்கடையில் விழுந்ததாக ஒருவர் சேர்த்தார். இன்ஸ்பெக்டர் அன்று தொப்பி அணிந்திருக்கவில்லை. அந்த இடத்தில் சாக்கடையும் இல்லை.

என் வயதை ஒத்தவர்களே, உங்களில் பலர் இக்கதைக்குச் சிரித்தவர்கள். ஆகவே இதில் நான் கண்டதையும் கேட்டதையும், காணாதவற்றில் இருவர் தனித்தனியே ஒன்றுபோலச் சொன்னதையும் மட்டுமே எழுதுகிறேன். ஒரு மனிதருக்கு இழைத்த தீங்கைச் சிரிப்பாக மாற்றியவை, இடையில் சேர்க்கப்பட்ட பொய்கள். அவற்றைக் கழித்துவிட்டால் சிரிப்பதற்கு அதில் ஒன்றும் மிஞ்சாது என்பதை நீங்களே காணலாம்.

ஒசூருக்கு வெளியே, பாகலூர் சாலையில் இருந்தது எங்கள் திராட்சைத் தோட்டம். வெள்ளைக்காரர் ஒருவர் ஊரைவிட்டுப் போகும்போது அதை அப்பாவிடம் விற்றார். தோட்டத்தோடு மூன்று பொருள்கள் எங்களுக்கு வந்தன: ஒரு செம்புத் தெளிப்பான், கம்பி வலை போட்ட ஓர் இறைச்சி அலமாரி, ஒரு சிறிய டிராக்டர். அலமாரியில் அம்மா விறகு அடுக்கினார். தெளிப்பானால் மயில்துத்தக் கரைசலை இலைகளின்மேல் அடித்தார்கள். அடித்த நாள்களில் தோட்டத்தில் வேலை செய்த எல்லோருடைய விரல்களும் நீலமாக இருக்கும். கழுவினாலும் நகக்கண்ணில் தங்கிவிடும். ஐப்பசி மாதத்துப் பனியில் அந்த நீல இலைகளுக்கிடையே மண்ணெண்ணெய்ப் புகை நாற, டிராக்டர் இருமிக்கொண்டு போகும். கல்தூண்கள் நட்ட பந்தல் வரிசைகளுக்கு நடுவே நுழைவதற்கென்றே செய்த குறுகலான வண்டி அது. அதன் இரும்பு இருக்கை வெயிலில் கொதிக்கும். நாங்கள் அதன்மேல் சாக்கு விரித்து ஏறுவோம்.

டிரைவரும் தோட்டத்தோடு வந்தவர்தாம். வெள்ளைக்காரரிடம் ஓட்டக் கற்றவர். முப்பது வயதுக்கு உட்பட்டவர், வாய் ஓயாதவர், சீழ்க்கை அடிப்பவர், தம்மைப்பற்றிக் குறைவாக எதுவும் சொல்லாதவர். மோட்டார் அறைக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறையில் மனைவியோடு குடியிருந்தார். மனைவி பந்தலில் வேலை செய்தார். இருவரும் ஊருக்கு வெளியே இருந்த காலனியிலிருந்து வந்தவர்கள் என்பதால், எங்கள் வீட்டு முற்றத்தைத் தாண்டி அவர்கள் உள்ளே வந்ததில்லை. அதையும் நான் இங்கே எழுதித்தான் ஆகவேண்டும்.

வண்டியின் ஸ்டியரிங் முதலில் தளர்ந்தது. “அய்யா, இது செத்துப் போச்சுங்க. அரைச் சுத்து சுத்துனாத்தான் சக்கரத்துக்குச் சேதியே போவுது” என்று டிரைவர் அப்பாவிடம் சொன்னார். பிறகு ஒருநாள் ஸ்டியரிங் பெட்டிக்குள் இருந்த பற்கள் முறிந்தன. சக்கரம் ஒருபுறம் கிடக்க ஸ்டியரிங் வெறுமனே சுழன்றது. அந்த வண்டிக்கு உதிரிப் பாகம் சீமையிலிருந்துதான் வரவேண்டும். ஒசூர் பஸ் நிலையத்துக்கு அருகே லாரி ஷெட் வைத்திருந்த மேஸ்திரி, பெங்களூரில் பழைய இரும்பு விற்கும் இடத்திலிருந்து ஒரு பட்டாளத்து வண்டியின் ஸ்டியரிங் பெட்டியைக் கொண்டுவந்தார். கன்னடம் பேசும் அவர், தமிழையும் அந்த வாயாலேயே பேசுவார்.

பெட்டி பொருந்தியது. ஆனால் பெட்டியிலிருந்து வெளியே வந்து சக்கரங்களைத் தள்ளுகிற இரும்புக் கை, பழைய பெட்டியில் கீழ்நோக்கி இருந்தது. இதில் அதைக் கீழ்நோக்கி மாட்டினால் அச்சில் இடித்தது. மேஸ்திரி அதை மேல்நோக்கி மாட்டினார். டிரைவர் ஏறி வண்டியைக் கிளப்பி, வாசலுக்குப் போக வலப்பக்கம் திருப்பினார். வண்டி இடப்பக்கம் திரும்பிச் சென்று எருக்குழியில் முன்சக்கரத்தை இறக்கியது.

அப்பா அவ்வளவு சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

“ஒந்து வாரம் வண்டிய ஷெட்டுல உடு சாமி. வளைஞ்ச மாதிரி கை ஒண்ணு அடிச்சுப் போட்டா நேராயிடும்” என்றார் மேஸ்திரி.

“கொடி வெட்டிக் கவாத்து முடிஞ்சு எரு போடற நேரம். வாரமெல்லாம் முடியாது. அப்பறம் பாக்கலாம்” என்றார் அப்பா.

அப்போது டிரைவர் சொன்னதையும் மறைக்காமல் எழுதுகிறேன். ஏனெனில் உங்களில் சிலர் இதையே சாட்சியாக நீட்டுகிறீர்கள். “பரவால்லீங்கய்யா, நான் பழகிக்கறன். எருமைய ஓட்டுனவனுக்கு இது ஒண்ணும் பெருசில்ல” என்றார் அவர். ஆம், சொன்னார். எருப் போடும் பருவம் முடியும்வரை என்ற பொருளில் சொன்னார். ஆண்டு முழுவதும் என்று அவர் சொல்லவில்லை.

பழகியும் விட்டார். முதலில் ஒவ்வொரு திருப்பத்துக்கும் வாய்க்குள் ஏதோ முணுமுணுப்பார். அவர் மனைவி பந்தலின் அடியிலிருந்து, “வீட்ல சொன்ன பேச்சுக்கு எதுக்க நடக்கற ஆளுக்கு ஏத்த வண்டிதான் சிக்கியிருக்குது” என்பார். “இதுவாச்சும் ஒரு பக்கந்தான் எதுக்க போவுது. நீ நாலு பக்கமும் போவயே” என்று பதில் வரும். சில வாரங்களில் முணுமுணுப்பு நின்றது, சீழ்க்கை திரும்பியது. தூண்களுக்கு நடுவே அவர் வண்டியைத் திருப்புவதைப் பார்த்தால் அதில் குறை இருப்பதாக எவருக்கும் தோன்றாது.

எருப் போட்டு முடிந்த பிறகும் அப்பா மேஸ்திரியை அழைக்கவில்லை. அழைக்காததற்குக் காரணம் இருந்தது. சுற்றுப்புறத்தில் வேறு எவரிடமும் டிராக்டர் இல்லை. உறவினர் ஒவ்வொருவராக வந்து ஒருநாள் உழவுக்குக் கேட்பார்கள். முகத்துக்கு நேரே இல்லையென்று சொல்ல அப்பாவால் இயலாது. ஸ்டியரிங் மாறிய பின் அவருக்கு இல்லையென்று சொல்லவேண்டிய தேவையே ஒழிந்தது. மத்திகிரியிலிருந்து என் தாய்மாமன் வந்து கேட்டபோது, “தாராளமா எடுத்துட்டுப் போங்க மச்சான். டிரைவருக்கு இங்க வேல இருக்குது, நீங்களே ஓட்டிக்குங்க” என்றார். மாமா லாரி ஓட்டியவர். ஏறி உட்கார்ந்து சிரித்துக்கொண்டே கிளப்பினார். இரண்டாவது தூணில் வண்டி மோதியது. கல் ஒடிந்து, ஒரு பந்தல் முழுவதும் காயோடு கீழே இறங்கியது.

அப்பா கண்ணில் நீர்வரச் சிரித்தார். “சாவி இல்லாத பூட்டு மச்சான் இது. வெளிய நிறுத்திட்டுப் போனாலும் ஒருத்தனும் தொடமாட்டான்.”

ஒடிந்த தூணுக்கு மாற்றுத் தூண் நட்டது டிரைவர். விழுந்த கொடிகளை ஏற்றிக் கட்டியது அவர் மனைவி. அம்மா மட்டும் அன்று சிரிக்கவில்லை; சிரிப்புக்கு ஆளானவர் அவருடைய அண்ணன். டிரைவருக்காக அவர் சிரிக்காமல் இருந்ததாக நான் சொல்லமாட்டேன்.

அதன்பின் அப்பா அந்த ஸ்டியரிங்கை ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டார். ஒரு பழுதைப் பழுதென்று அறிந்தே வைத்துக்கொண்டு, அதைத் தம் சாமர்த்தியம் என்று கொண்டாடுகிற மனத்தை என்னவென்று சொல்வது? அந்தப் பூட்டு பூட்டியது வண்டியை அல்ல, அதை ஓட்டியவரை என்பது அவருக்குத் தெரியவில்லையா, தெரிந்தும் வேண்டியிருந்ததா?

அடுத்த கவாத்துக்குச் சற்று முன்பு டிரைவருக்கு ஒரு வழி திறந்தது. கிருஷ்ணகிரியில் ஒரு பஸ் கம்பெனி, ஒசூருக்கு ஓடும் தன் வண்டிக்கு ஆள் தேடியது. அந்தக் கம்பெனிச் செக்கர் தோட்டத்துக்குத் திராட்சை வாங்க வந்தபோது இவர் ஓட்டுவதைப் பார்த்திருந்தார். லைசென்ஸ் எடுத்து வந்தால் வேலை உண்டு என்றார். தோட்டத்துக்குள் ஓட்டுவதற்கு லைசென்ஸை எவரும் கேட்டதில்லை. ஆகவே அவரிடம் அது இல்லை. லைசென்ஸுக்குத் தேர்வு வைக்கும் பிரேக் இன்ஸ்பெக்டர் ஒசூருக்கு எப்போதாவதுதான் வருவார். வரும்போது ஓட்டிக் காட்டுவதற்குத் தன் பழைய லாரியைத் தருவதாகக் கம்பெனி சொல்லியிருந்தது.

காலனியிலிருந்து ஒருவர் காக்கிச் சட்டை அணிந்து பஸ் ஓட்டுவது அந்நாளில் என்ன பொருள் தரும் என்பதை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மோட்டார் அறைக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறையிலிருந்து வெளியேற அவர்களுக்குக் கிடைத்த ஒரே வழி அது.

டிரைவர் முற்றத்தில் வந்து நின்றார். நான் ஊஞ்சலில் இருந்தேன்.

“அய்யா, அந்த ஸ்டியரிங்க நேராக்கிக் குடுத்துட்டா நல்லா இருக்குங்க.”

“ஏன், இப்ப என்ன வந்துது?”

“கையி மாறிப் போச்சுங்கய்யா. கம்பெனி வண்டியில ஒருக்கா உக்காந்து பாத்தன். நெனப்பு இருக்கற வரைக்கும் சரியாப் போவுது. நெனப்பு கொஞ்சம் நழுவுனா கையி நம்ம வண்டிக்குப் போயிடுது. இன்ஸ்பெக்டர் வர்றதுக்குள்ள நேரான வண்டியில கொஞ்ச நாளு ஓட்டுனன்னா சரியாயிடுங்க.”

“செஞ்சுடலாம்ப்பா. மேஸ்திரிகிட்ட சொல்றேன்” என்றார் அப்பா.

சொல்லவும் சொன்னார். சில நாள்களில் மேஸ்திரி சைக்கிளில் வந்தார். வளைந்த இரும்புக் கை ஒன்றைச் சாக்கில் சுற்றிப் பின்னால் கட்டியிருந்தார். அதை அவிழ்த்து முற்றத்தில் வைத்தபோது அதில் எண்ணெயும் உலைக்கரியும் நாறின. அம்மா அவருக்கு மோர் கொண்டுவந்தார்.

“அரை நாளு கெலசம் சாமி. இப்பவே மாட்டிக் குடுத்துட்டுப் போறேன்.”

“இப்ப வேணாம். இன்ஸ்பெக்டர் வந்துட்டுப் போகட்டும். அப்பறம் சொல்லியனுப்பறேன்.”

மேஸ்திரி மோர்ச் செம்பைக் கீழே வைத்தார். “உம்ம வண்டி, உம்ம இஷ்டம்” என்றார். அப்பா அந்த இரும்பைத் தாமே எடுத்துப்போய் உர அறையில் புண்ணாக்கு மூட்டைகளுக்குப் பின்னால் வைத்தார். இந்தப் பேச்சை நான் கேட்டேன். பல ஆண்டுகளுக்குப் பிறகு மேஸ்திரியும் அம்மாவும், ஒருவர் சொன்னது மற்றவருக்குத் தெரியாமல், இதே சொற்களை என்னிடம் சொன்னார்கள்.

அன்று முதல் மாலைகளில் டிரைவரும் அவர் மனைவியும் தங்கள் அறை வாசலில் ஒரு பயிற்சி நடத்தினார்கள். அவர் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து மண் சலிக்கும் சல்லடையை ஸ்டியரிங்கைப்போல் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொள்வார். எதிரே நின்று மனைவி கூவுவார்.

“சோத்துக்கை பக்கம். பீச்சாங்கை பக்கம். மாடு வருது, மாடு வருது. யோவ், மாட்டு மேல ஏத்திட்ட.”

“நீ மாடுன்னு சொல்லிட்டு நேரா வந்து நின்னா வேற யாரு மேல ஏத்தறது?”

“நல்லாப் பேசு. இன்ஸ்பெக்டரு வாயிக்குத்தான் லைசென்ஸ் குடுக்கப் போறாரு.”

நாங்கள் அதைச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தோம். இப்போது எண்ணும்போது என் நெஞ்சு கொதிக்கிறது. மாலையில் சல்லடையைக் கொண்டு அவர் கைகளுக்குக் கற்பித்ததை, பகல் முழுவதும் எங்கள் வண்டி அழித்துக்கொண்டிருந்தது. கவாத்து வேலை என்று சொல்லி, இன்ஸ்பெக்டர் வரும் நாளுக்கு முந்தின மாலைவரை அப்பா அவரை அந்த வண்டியிலேயே உட்காரவைத்தார். நேராக்கும் இரும்போ, வண்டி நின்ற இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், புண்ணாக்கு மூட்டைகளுக்குப் பின்னால் கிடந்தது.

பயணியர் விடுதிக்கு முன்னால் இருந்த வெளியில் தேர்வு நடந்தது. எங்கள் பள்ளிக்கூடம் பக்கத்திலேயே இருந்தது. மதிய இடைவேளையில் ஓடிப்போய்ப் பார்த்தோம். அப்பாவும் வந்திருந்தார். தலையைப் படிய வாரி, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு டிரைவர் லாரியில் ஏறினார். இன்ஸ்பெக்டர் பக்கத்தில் உட்கார்ந்தார். லாரி வெளியைச் சுற்றியது, பின்னால் வந்தது, கல் வைத்த இடத்தில் நின்றது. எல்லாம் சரியாக நடந்தது. அவர் உதடுகள் அசைந்துகொண்டே இருந்ததை நான் கண்டேன். பழைய முணுமுணுப்பு.

சாலைக்குத் திரும்பும் இடத்தில், புளியமரத்துக்குப் பின்னாலிருந்து முட்டைக்கோசு ஏற்றிய ஒரு மாட்டுவண்டி திடீரென்று வெளிப்பட்டது. நினைப்புக்கு நேரமில்லை. கைகள் தாம் அறிந்ததைச் செய்தன. விலகவேண்டிய லாரி வண்டியை நோக்கியே திரும்பியது.

வண்டிக்காரர் குதித்துவிட்டார். மாடுகளில் ஒன்றின் கொம்பு அடியோடு முறிந்தது. கொம்பு முறிந்தால் அவ்வளவு இரத்தம் வரும் என்பது எனக்கு அதுவரை தெரியாது. அது மாட்டின் கண்ணில் இறங்கியது. சிதறிக் கிடந்த முட்டைக்கோசுகளின்மேல் சொட்டியது. டிரைவர் இறங்கி இன்ஸ்பெக்டரிடம் போகவில்லை. தம் வெளுத்த சட்டையைக் கழற்றி மாட்டின் தலையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“யாருய்யா உனக்கு ஓட்டக் கத்துக் குடுத்தது? வலது எது, இடது எதுன்னு கூடத் தெரியாதா?” என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

 கூட்டத்திலிருந்து அப்பாதான் சொன்னார். “நம்ம தோட்டத்துல நல்லாத்தாங்க ஓட்டுவான். பெரிய வண்டியப் பாத்ததும் பயந்துட்டான். இவங்களுக்கு அவ்வளவுதான் முடியும்.”

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் மறுமுறை எழுதமாட்டேன். அதைக் கேட்டு டிரைவர் தலைநிமிர்ந்து அப்பாவைப் பார்த்தார். மாட்டின் தலையிலிருந்து கையை எடுக்கவில்லை.

மறுநாள் காலை அவர் மனைவி எங்கள் முற்றத்துக்கு வந்தார். முந்தின நாள் அடித்த மயில்துத்தம் அவர் விரல்களில் இருந்தது. டிரைவர் வெளி வாசலிலேயே நின்றுவிட்டார். அவர்கள் அதற்குமுன் மேஸ்திரியைப் பார்த்து வந்திருந்தார்கள் என்பது அந்த அம்மாளின் முதல் வாக்கியத்திலேயே தெரிந்தது.

“மேஸ்திரி இன்னும் அந்த இரும்புக் கையி அடிக்கலன்னு எங்க ஆளுகிட்டச் சொன்னீங்களாமே அய்யா. அது உங்க ரூம்புக்குள்ளயே இருக்குதாமே.”

“யாரு சொன்னது?”

“அடிச்சவரே சொன்னாருங்க.”

அப்பா எழுந்து நின்றார். பிறகு, “வாய அடக்கிப் பேசு. இத்தன நாளு உங்களுக்குச் சோறு போட்டது இந்த வண்டிதான்” என்றார்.

“போட்டுதுங்க. இல்லேங்கல. சோறு போட்டுட்டு, தின்ன கையத் திருப்பி வெச்சுட்டீங்க. போவாதன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா சண்ட போட்டுட்டுப் போயிருப்பம், இல்ல கெடந்துட்டுப் போறம்னு இருந்திருப்பம். போப்பா போன்னு சொல்லிக்கிட்டே கையக் கட்டி அனுப்புனீங்களே, அதாங்க எனக்கு ஆறல.”

 சமையலறை வாசலில் அம்மா நின்றுகொண்டிருந்தார். மோர் கொண்டுவந்த கை அவருடையது. இரும்பு உள்ளே போனதைக் கண்டவரும் அவர். அவர் உள்ளே திரும்பிப் போனார். வெளியிலிருந்து டிரைவர், “வா புள்ள, போலாம்” என்றார். அந்த அம்மாள் போனார். அன்றே தட்டுமுட்டுச் சாமான்களோடு, மாநில எல்லையில் இருக்கும் ஜூஜுவாடிப் பக்கம் போகும் ஒரு வண்டியில் ஏறினார்கள்.

கிருஷ்ணகிரியிலிருந்து வேறொரு டிரைவர் வந்தார். ஒருமுறை ஓட்டிப் பார்த்தவர் இறங்கி, “இத நான் தொடமாட்டங்க” என்றார். அப்பா மேஸ்திரிக்குச் சொல்லியனுப்பினார். புண்ணாக்கு மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து இரும்பு வெளியே வந்தது. நாங்கள் காலை உணவு உண்ணும்போது தொடங்கிய வேலை வெயில் ஏறுமுன் முடிந்தது. வண்டி நேரானது. “முன்னாடியே செஞ்சிருக்கணும்” என்றார் அப்பா, ஒழுகும் கூரையோட்டை மாற்றியவர் சொல்வதுபோல.

அப்பா ஏன் அப்படிச் செய்தார் என்று அம்மாவிடம் பின்னொரு நாள் கேட்டேன். “அவன் போயிட்டா வண்டி நின்னுடும்னு பயந்தாரு, வேற ஒண்ணுமில்ல” என்றார். வேறொன்றுமில்லையாம். அப்பா கொடியவர் அல்லர் என்பதற்கும் சான்றுகள் உண்டு, அவற்றையும் மறைக்கவில்லை. டிரைவருக்குக் காய்ச்சல் கண்டபோது வைத்தியரைத் தோட்டத்துக்கு அழைத்துவந்தவர் அவர்தாம். அதனால் என் கோபம் தணியவில்லை, மிகுந்தது. ஒரு மனிதர் உயிரோடு இருக்கவேண்டும் என்றும், ஆனால் தம் வரப்பைத் தாண்டக் கூடாது என்றும் நினைத்தவர் செய்த நன்மை அது. அந்தக் காலத்தில் அப்படித்தான் என்று நீங்கள் சொல்வீர்கள். அந்தக் காலத்தில்தான் மேஸ்திரியும் இருந்தார். அவருக்கு அது தவறென்று தெரிந்திருந்தது. தெரிந்தும் அவர் உரியவரிடம் சொன்னது, எல்லாம் முடிந்த பிறகு.

இனித் தெரியாதவை. கொம்பு முறிந்த மாடு பிழைத்ததா என்று தெரியாது. அப்பா, தாம் செய்தது இன்னது என்று எப்போதேனும் தமக்குள் ஒப்புக்கொண்டாரா என்று தெரியாது. இறக்கும்வரை அவர் அந்தக் கதையைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். டிரைவரின் பெயரும் அவர் மனைவியின் பெயரும் எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் எவரும் அவர்களைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. அவர்கள் எல்லைக்கு அப்பால் எங்கே குடியேறினார்கள் என்று தெரியாது. அவர் மறுபடி தேர்வுக்குப் போனாரா, பஸ் ஓட்டினாரா என்று தெரியாது. அவர் கைகள் பழையபடி திரும்பினவா என்பதும் தெரியாது.